ஷாஅர் ஹரஹமீம் ஜெப ஆலயம்

மும்பை மாண்ட்வி பகுதியில், சாமுவேல் தெருவில் உள்ள யூத ஜெப ஆலயம். 1796இல் நிறுவப்பட்டது. கொங்கணக் கரையைச் சேர்ந்த பெனே இஸ்ரவேலர் எனும் சிறு யூதச் சமூகம் தனக்கென எழுப்பிய முதல் ஆலயம் இதுவே. பெயருக்குக் ‘கருணையின் வாயில்’ என்பது பொருள். பேச்சு வழக்கில் ‘ஜூனி மஸ்ஜித்’ (பழைய மசூதி) எனப்படும். அருகிலுள்ள மஸ்ஜித் ரயில் நிலையம் இவ்வாலயத்தால் பெயர் பெற்றது என்பது பரவலான கருத்து.

முன்வரலாறு: அலிபாக்கை அடுத்த நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் உயிர்பிழைத்தனர், அவர்களின் வழித்தோன்றல்களே தாங்கள் என்பது பெனே இஸ்ரவேலரின் மரபு. இது கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது என்பர் சிலர். பல நூற்றாண்டுகள் பிந்தியது என்பர் வேறு சிலர். ஊர்ப்பெயரோடு ‘கர்’ சேர்த்துக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டு, மராத்தி பேசி, செக்காட்டி வாழ்ந்தனர். சனிக்கிழமைகளில் செக்கு ஓட்டாததால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை வாணியர், என்று அழைக்கப்பட்டனர். ஆலயமும் மறைநூலும் இல்லாத நெடுங்காலத்திலும் ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் ‘ஷெமா’ வேண்டுதலையும் அவர்கள் கைவிடவில்லை. தாவீது ரஹாபி என்பவர் இவர்களை யூதர் என இனங்கண்டு சமயக் கல்வி அளித்ததாகக் கூறுவர். அவரைப் பதினோராம் நூற்றாண்டினர் என்றும், பதினெட்டாம் நூற்றாண்டுக் கொச்சி வணிகக் குடும்பத்தவர் என்றும் இருவேறு கருத்துகள் உண்டு.

நிறுவல்: பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெனே இஸ்ரவேலர் பம்பாயில் குடியேறத் தொடங்கினர். பலர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் சாமுவேல் எசேக்கியேல் திவேகர். மராத்தி வழக்கில் சாமாஜி ஹசாஜி. கமாண்டன்ட் பதவிவரை உயர்ந்த இவர், இரண்டாம் மைசூர்ப் போரில் (1780–84) திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டார். தமிழகத்தில் பரங்கிப்பேட்டைச் சண்டையும் (1781) கடலூர் முற்றுகையும் (1783) நிகழ்ந்தது இதே போரில்தான்.

கைதிகளிடம் அவரவர் குலம் கேட்கப்பட்டபோது திவேகர் ‘பெனே இஸ்ரவேல்’ என்று விடையளித்தார் என்றும், குர்ஆனில் இடம்பெறும் அப்பெயரைக் கேட்ட திப்புவின் தாய் பரிந்து பேசி அவர் உயிரைக் காத்தார் என்றும் சமூக மரபு கூறுகிறது. பின்னர் எழுதப்பட்ட வரலாறுகள் இம்மரபையே வழிமொழிவதால், இதை முற்றிலும் உறுதியான செய்தியாகக் கொள்வதற்கில்லை. உயிருடன் ஊர் திரும்பினால் இறைவனுக்கு ஆலயம் கட்டுவதாகச் சிறையில் நேர்ந்துகொண்டார் என்பதும் அம்மரபின் பகுதியே. 1796இல் ஆலயம் எழுந்தது. தெருவுக்கும் அவர் பெயரே நிலைத்தது.

கட்டடம் மட்டும் போதுமானதாக இல்லை. பொதுவழிபாட்டுக்குக் குறைந்தது பத்து ஆண்கள் கூடவேண்டும். பயிற்சி பெற்ற எழுத்தர் தோலில் கையால் எழுதிய தோரா மறைநூல் சுருள் வேண்டும். ஆட்கள் இருந்தனர், சுருள் இல்லை. 1568 முதல் பரதேசி ஜெப ஆலயம் விளங்கிய கொச்சியை நாடித் திவேகர் சென்றார். சுருள் பெறும் பொருட்டுச் சென்ற அவர் 1797இல் அங்கேயே காலமானார். ஆலயத்தில் அவரால் நெடுங்காலம் வழிபட இயலவில்லை எனினும், அவர் நாடிய கொச்சித் தொடர்பு நீடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொச்சி யூதர் பம்பாய்க்கு வந்து எபிரேயமும் வழிபாட்டு முறையும் கற்பித்தனர். செக்கு மேட்டில் காக்கப்பட்ட ஒரு நம்பிக்கைக்கு முறையான வழிபாடு கிடைத்தது இந்த உறவால்தான்.

பிற்காலம்: சமூகத்தில் எழுந்த பிளவை அடுத்து 1840இல் ‘நவி மஸ்ஜித்’ (புதிய மசூதி) எனப்படும் ஷாஅரே ரஸோன் ஆலயம் தோன்றியது. பழைய ஆலயம் 1860இல் இப்போதைய இடத்துக்கு மாற்றப்பட்டது என்றும், இன்றைய எபிரேயப் பெயர் 1896இல் சூட்டப்பட்டது என்றும் குறிப்புகள் உள்ளன. இச்சமூகத்தின் விரிவான வரலாற்றை எச். எஸ். கெஹிம்கர் 1897இல் எழுதி முடித்தார். அந்நூல் 1937இல் டெல் அவிவில் வெளிவந்தது.

இன்று: 1948க்குப் பின் பெனே இஸ்ரவேலருள் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறினர். மகாராஷ்டிர அரசு 2016இல் யூதருக்குச் சிறுபான்மையினர் தகுதி வழங்கியது.