சீசர் வீழ்ந்த இடத்துப் பூனைகள்

ஜூலியஸ் சீசர் கி.மு. 44இல் குத்துண்டு மடிந்த மன்றத்தின் எச்சம் ரோமின் நடுவே, இன்றைய தெருமட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. தோரே அர்ஜென்தினா என்னும் அச்சதுக்கம் 1920களின் இறுதியில், முசோலினியின் ஆட்சியில் அகழப்பட்டது. பேரரசின் பெருமை பேசவேண்டிய பள்ளத்தில் குடியேறியவை தெருப்பூனைகள்.

அவற்றுக்கு உணவிட்ட பெண்களை நகரம் 'கத்தாரே', அதாவது பூனைக்காரிகள், என்றழைத்தது. நடிகை அன்னா மஞ்ஞானியும் அங்கே உணவிட்டவர்தான்.

தெருப்பூனைகளைக் கொல்லலாகாது என்றது இத்தாலியின் 1991ஆம் ஆண்டுச் சட்டம். தீராத நோயுற்றவை மட்டுமே விலக்கு. சட்டம் உயிரைக் காத்தது. வீடு தேடும் பொறுப்பு தன்னார்வலர்களுடையதாயிற்று. 1990களில் அங்கு உருவான காப்பகம் கருத்தடை செய்து, மருந்திட்டு, தத்துக் கொடுத்தது.

குட்டிகளுக்கு வீடு எளிதில் கிடைத்துவிடும். வளர்ந்தவை, அதிலும் கண்ணிழந்தவையும் காலிழந்தவையும், காத்திருக்கும். அவற்றுக்காகத் 'தொலைவுத் தத்து' ஏற்பட்டது: எங்கோ இருப்பவர் பணம் அனுப்புவார், பூனை காப்பகத்திலேயே வாழும்.

2012இல் தொல்லியல் அதிகாரிகள் காப்பகத்தை அகற்ற முனைந்தனர். எதிர்ப்பு எழுந்தது, காப்பகம் நிலைத்தது. 2023இல் இடிபாடுகளுக்கிடையே பார்வையாளர்களுக்கு நடைபாதை திறந்தார்கள். சீசரைத் தேடி வருபவர்கள், யாரும் தேடி வராத கிழப்பூனைகளையும் பார்த்துவிட்டே திரும்புகிறார்கள்.