ராங்லர் பட்டமும் ஒரு கணிதப் படிப்பின் மதிப்பும்

ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்தவுடன் புனேயில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு விவாதம் ஆரம்பிக்கும். பெண்ணோ பையனோ கணிதம் படிக்க ஆசைப்படுகிறார்கள். இங்கேயே சேர்ப்பதா, சென்னைக்கு அனுப்புவதா? எந்த யூனிவர்சிட்டி நல்லது? உடனே யாராவது ரேங்க் பட்டியலை எடுத்து விரித்து விடுவார்கள்.

நான் பி.காம். படித்த பேங்க் ஆசாமி. எனக்குத் தெரிந்த கணக்கு வட்டிக் கணக்குதான். ஆனால் ஒரு கணிதப் பட்டப்படிப்பை எப்படி எடை போடுவது என்ற கேள்விக்குச் சரித்திரத்தில் ஒரு அருமையான கேஸ் ஃபைல் இருக்கிறது: கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித டிரைபாஸ். ராமானுஜன் வழியாக நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

புனேக்காரர்களுக்கு இதன் நுனி தெரியும். ஃபெர்குசன் கல்லூரியின் பழைய முதல்வரை இங்கே இன்றும் 'ராங்லர் பராஞ்பே' என்றுதான் சொல்வார்கள். (சினிமா டைரக்டர் சாய் பராஞ்பேயின் தாத்தா.) ராங்லர் என்பது குடும்பப் பெயர் அல்ல. டிரைபாஸ் தேர்வில் முதல் வகுப்பு வாங்குபவருக்கு அந்தப் பெயர். முதல் வகுப்பிலும் முதலிடம் பிடித்தவர் சீனியர் ராங்லர். கொங்கணில் முர்டி என்ற கிராமத்தில் பிறந்த ரகுநாத் புருஷோத்தம் பராஞ்பே 1899ல் அந்த இடத்தை இன்னொருவருடன் பகிர்ந்து கொண்டார். அதைப் பிடித்த முதல் இந்தியர் அவர்தான். அடிமை நாட்டிலிருந்து போன ஒருவர் ஆங்கிலேயர்களை அவர்கள் மைதானத்திலேயே ஜெயித்துவிட்டார் என்றால் அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய செய்தி என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தேர்வும் லேசுப்பட்டதல்ல. 1854ல் 8 நாட்கள், 16 தாள்கள், மொத்தம் 44½ மணி நேரம். அந்த வருடம் முதலிடம் எட்வர்ட் ரௌத். இரண்டாம் இடம் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்! மின்காந்தவியலின் அடிப்படைச் சமன்பாடுகளைத் தந்த அதே மேக்ஸ்வெல். முதலிடம் பிடித்த ரௌத் பிறகு என்ன ஆனார் தெரியுமா? அந்தக் காலத்தின் மிகப் பிரபலமான தனிப் பயிற்சியாளர் ஆனார். அவரிடம் படித்தவர்களில் 25 பேருக்கு மேல் சீனியர் ராங்லர் ஆனார்கள். கோட்டாவும் நாமக்கல்லும் பிறப்பதற்கு நூறு வருடம் முன்பே கோச்சிங் தொழில் அங்கே கொடிகட்டிப் பறந்திருக்கிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். அந்தத் தேர்வு ஆள் பார்க்காமல் மார்க் போட்டது. 1890ல் ஃபிலிப்பா ஃபாசெட் என்ற பெண் சீனியர் ராங்லரை விடவே அதிக மார்க் வாங்கினார். பெண்களுக்குப் பட்டம் தரும் வழக்கம் இல்லாததால் 'சீனியர் ராங்லருக்கு மேலே' என்று அவர் இடத்தை அறிவித்தார்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது 1948ல்தான். பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ளத் தயங்கியதை விடைத்தாள் சொல்லிவிட்டது. கெல்வின், ஸ்டோக்ஸ், ரேலே என்று பெரிய இயற்பியல் மேதைகளும் இதே தேர்வில் தேறி வந்தவர்கள்தான்.

பிறகு எங்கே கோளாறு?

பட்டியலைப் பார்க்காமல் வகுப்பறையைப் பார்த்தால் தெரியும். ஆர்தர் கெய்லி என்ற மாபெரும் கணித மேதை 1863ல் அங்கே பேராசிரியர் ஆனார். அவர் வகுப்புக்கு வந்தவர்கள் சொற்பம். அவர் சொல்வது பரீட்சையில் வராதே! அவரும் ஒரு சீனியர் ராங்லர் என்பதுதான் வேடிக்கை. மாணவர்கள் வேகமாகக் கணக்குப் போடும் வித்தையைப் பயிற்சியாளரிடம் பழகிக் கொண்டிருந்தபோது, பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் கோஷி, ரீமான், வயர்ஸ்ட்ராஸ் ஆகியோர் கணிதத்தின் அஸ்திவாரத்தையே புதிதாகக் கட்டிக் கொண்டிருந்தார்கள்.

இந்தக் குறையைப் போட்டு உடைத்தவர் ஜி. எச். ஹார்டி. 1898ல் நான்காவது ராங்லர். பரீட்சைப் பயிற்சியில் வெறுத்துப்போய் சரித்திரம் படிக்கப் போய்விடலாமா என்றுகூட யோசித்தவர். ஆசிரியர் லவ், ஜோர்டான் எழுதிய பிரெஞ்சுப் பாடநூலைப் படிக்கச் சொன்னார். கணிதம் என்றால் என்ன என்று அதைப் படித்தபோதுதான் தெரிந்தது என்று ஹார்டியே எழுதியிருக்கிறார். அவரைப் போன்றவர்களின் முயற்சியால் 1909க்குப் பிறகு வரிசை எண் வெளியிடுவதை நிறுத்தி, வகுப்புவாரியாக அகர வரிசையில் பெயர்களை வெளியிட்டார்கள். ஹார்டிக்கு அதுவும் போதவில்லை. 1926ல் ஆற்றிய ஓர் உரையில், இந்தத் தேர்வைச் சீர்திருத்த வேண்டாம், ஒழித்துவிட வேண்டும் என்றே வாதாடினார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஜி. எஸ். கார் என்ற பயிற்சியாளர் தன் மாணவர்களுக்காகத் திரட்டிய ஆயிரக்கணக்கான சூத்திரங்களைப் புத்தகமாகப் போட்டார். பெரும்பாலும் விரிவான நிரூபணம் இல்லாத வெறும் முடிவுகள். அந்தப் புத்தகம் எப்படியோ கும்பகோணம் வந்து பதினைந்து, பதினாறு வயது ராமானுஜன் கையில் கிடைத்தது. மற்றவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததை அவர் ஒவ்வொன்றாகத் தானே நிரூபிக்க உட்கார்ந்தார். விளைவு, எஃப்.ஏ. பரீட்சையில் மற்ற பாடங்களில் ஃபெயில்! பட்டம் இல்லை. 1912ல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. ஆனால் 1913ல், அவரை ஃபெயிலாக்கிய அதே மெட்ராஸ் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாதவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914ல் ஹார்டியிடம் போனார். டிரைபாஸ் எழுதாமலே 1916ல் ஆராய்ச்சிக்காக கேம்பிரிட்ஜ் பட்டம், 1918ல் எஃப்.ஆர்.எஸ்.

என்னைக் கேட்டால், நம் பல்கலைக்கழகம் பெருமைப்பட வேண்டியது அந்த 75 ரூபாய்க்காகத்தான். பரீட்சை முறையால் அளக்க முடியாத ஒன்றைப் பார்த்து, விதியைத் தளர்த்தும் பெரியவர்கள் அங்கே இருந்தார்கள்.

பேங்கில் கடன் கேட்டு ஒரு கம்பெனி வந்தால் ஒரு வருட லாபத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட மாட்டோம். ஃபேக்டரிக்கே நேரில் போய்ப் பார்ப்போம். கல்லூரிக்கும் அதேதான். ரேங்க் பட்டியலில் எத்தனையாவது இடம் என்பது ஒரு வரி. அதற்குப் பிறகு கேட்க வேண்டியவை வேறு. ஆசிரியர் வகுப்பில் நிரூபணத்தைச் சொல்லித் தருகிறாரா, சூத்திரத்தை மட்டும் எழுதிப் போடுகிறாரா? பரீட்சையில் வராததைப் பற்றி ஒரு மாணவி கேட்டால் பதில் கிடைக்குமா? பாடம் நடப்பது கல்லூரியிலா, டியூஷன் சென்டரிலா? முதல் ரேங்க் வாங்கியவரை விடுங்கள், நடுவில் இருக்கும் முப்பதாவது மாணவன் மூன்று வருடம் கழித்தும் கணிதத்தை விரும்புகிறானா?

இதற்கெல்லாம் பதில் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. ஒரு நாள் லீவு போட்டுக் கல்லூரிக்குப் போங்கள். வராந்தாவில் நிற்கும் இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.