சிலேட்டிலிருந்து செயலி வரை

நூற்றாண்டு காணும் எமது சங்கத்தின் மூத்த அங்கத்தவர்கள் சிலேட்டில் எழுதிப் படித்தவர்கள். அவர்களுக்குப் பின் வந்தோருக்குத் தவணைப் பரீட்சை என்றதும் ரோணியோ மையின் மணமே நினைவுக்கு வரும். 2020இல் படித்த தங்கைமாருக்கு வினாத்தாள் கைத்தொலைபேசியில் வந்தது. அந்தக் காலத்தை மறந்துபோகுமுன் இங்கு பதிந்து வைக்கிறோம்.

2020 மார்ச் 12ஆம் திகதி பாடசாலைகளை மூடும் அறிவித்தல் வந்தது. அதுவரை மாணவியின் பையில் கைத்தொலைபேசி அகப்பட்டால் பெற்றோர் அதிபரிடம் வந்து பதில் சொல்ல வேண்டும். சில வாரங்களில் அதே கைத்தொலைபேசி வகுப்பறையாகிவிட்டது. வட்ஸ்அப் குழுவில் குறிப்பும் குரல் பதிவும், சூமில் வகுப்பு, கூகுள் போர்மில் பரீட்சை என்றாயிற்று. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் தொலைக்காட்சிப் பாடங்களும் துணைநின்றன. கட்டணமற்ற சூம் 40 நிமிடத்தில் தானாக நின்றுவிடும். எமது பாடவேளையும் 40 நிமிடமே என்பதால், மணி அடிக்க ஆள் தேவையில்லை என்று ஆசிரியைகள் சிரித்துக்கொண்டனர்.

மதிப்பீட்டில்தான் சிக்கல். பல்தேர்வு வினாக்களைச் செயலி நொடியில் திருத்தியது. ஒரு சொல் விடைகளில் தமிழ் இடறியது. ‘பௌதிகவியல்’ என்பதில் ‘ௌ’ குறியீட்டுக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ‘ள’வையும் ஒரு பிள்ளை தட்டினால், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, செயலியோ பிழை என்றது. ஆசிரியைகள் மீண்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் புள்ளியிட்டனர். கட்டுரையும் கேத்திரகணிதமும் படமாக வந்தன. முழுப் புள்ளி பெற்ற விடை பிள்ளையுடையதா, தாயுடையதா என்ற ஐயமும் இருந்தது.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, நாட்டில் ஏறக்குறைய ஐந்து வீடுகளில் ஒன்றில்தான் கணினி இருந்தது. மற்ற வீடுகளில் கைத்தொலைபேசியே கதி. 2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை ஊரடங்கில் முடங்கியபோது, ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளை நாம் அறிவோம். தந்தை வேலைக்குப் போகும் நாட்களில் கைத்தொலைபேசியும் அவருடன் போய்விடும். அப்பிள்ளைகளின் விடைகள் இரவு பத்து மணிக்கு வந்து சேர்ந்தன. வெளிநாட்டிலிருந்த எம்மவர் பழைய கைத்தொலைபேசிகளை அனுப்பினர். வெள்ளவத்தையில் இருந்தோர் ரீலோட் போட்டுக் கொடுத்தனர். அப்படியும் எல்லோரையும் எட்ட முடியவில்லை.

ஆசிரியைகளும் சொந்தக் கைத்தொலைபேசியில், சொந்தச் செலவில் டேட்டா போட்டே கற்பித்தனர். 2021 ஜூலை 12 முதல் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. அப்போராட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. மறு ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட, மின்வெட்டுக்கு நடுவே திரும்பவும் சூமுக்குப் போனோம்.

இன்று வகுப்பில் கஹூட் வினாவிடைப் போட்டி வைத்தால் பிள்ளைகள் ஆரவாரிக்கிறார்கள். யாருக்கு எந்த அலகு விளங்கவில்லை என்பதும் ஆசிரியைக்கு அப்போதே தெரிகிறது. இந்நன்மையை மறுக்க மாட்டோம். ஆனால் வட்ஸ்அப் குழுவில் பெயர் இருந்தும் ஒருமுறைகூட விடை அனுப்பாத பிள்ளைகளைச் செயலி தேடிப் போகவில்லை. வகுப்பாசிரியைகளே இடாப்பைப் பார்த்து, வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துத் தேடினர். சிலர் திரும்பி வந்தனர், சிலர் வரவேயில்லை.

அந்த ஆசிரியைகளுக்கு இம்மலரில் எமது நன்றி. திரும்பி வராத தங்கைமாரில் எவரையேனும் அறிந்தவர்கள் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். அவர்களும் எமது பழைய மாணவிகளே.