பிள்ளைத்தமிழும் வளர்ச்சி அட்டையும்

இலங்கையில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒரு சுகாதாரப் பதிவேடு திறக்கப்படுகிறது. பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண் பிள்ளைக்கு நீலம். உள்ளே நிறப் பட்டைகளுடன் ஒரு வரைபு. மாதந்தோறும் நிறை பார்த்து, குடும்பநல உத்தியோகத்தர் அதில் ஒரு புள்ளி இடுவார். புள்ளிகளை இணைத்தால் பிள்ளை வளர்ந்த பாதை கண்ணுக்குத் தெரியும். கோடு மேலே ஏறினால் பெற்றோருக்கு நிம்மதி. கிடையாகப் படுத்தால் கவலை. இது மேனாட்டு மருத்துவம் தந்த வசதி என்றே நாம் எண்ணுகிறோம். அட்டை அங்கிருந்து வந்தது உண்மையே. ஆனால் பிள்ளையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் வகுத்துப் பார்க்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தைப் பள்ளியில் படித்தவர்கள் அதன் பத்துப் பருவங்களை மறந்திருக்கமாட்டார்கள். அப்பருவங்களுக்குப் பாட்டியல் நூல்கள் மாதமும் குறித்திருக்கின்றன. நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகள் உண்டெனினும், பொதுவாக வழங்கும் கணக்கு இது: காப்பு 3ஆம் மாதம், செங்கீரை 5, தால் 7, சப்பாணி 9, முத்தம் 11, வருகை 13, அம்புலி 15. அதன்பின் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என 21ஆம் மாதம் வரை செல்லும்.

இவற்றை வெறும் கவிமரபு என்று தள்ளிவிட முடியாது. செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து பிள்ளை அசைந்தாடும் நிலை. சப்பாணி, உட்கார்ந்து கைகொட்டும் நிலை. வருகை, தளர்நடையிட்டு வரும் நிலை. உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை ஆராய்ந்து, 2006இல் வளர்ச்சி அளவுகோல்களை வெளியிட்டது. துணையின்றி உட்காருதல் ஏறத்தாழ 4 முதல் 9 மாதத்துக்குள், தவழ்தல் 5 முதல் 13½ மாதத்துக்குள், தனித்து நடத்தல் 8 முதல் 17½ மாதத்துக்குள் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. கைகொட்டி உட்கார ஒன்பது, நடந்துவரப் பதின்மூன்று என்று நம் புலவர்கள் வைத்த மாதங்கள் இந்த எல்லைகளுக்குள் அமைகின்றன. யாரோ ஒரு தாய், பல தாய்மார், பல தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னதைத்தான் புலவர் இலக்கணமாக்கியிருக்க வேண்டும்.

என் மூத்த மகள் பிறந்தபோது, பத்திரிகைக்காரனுக்கே உரிய பழக்கத்தால், அவள் குப்புறப் புரண்டது, முதற்பல் முளைத்தது, சுவரைப் பிடித்து எழுந்தது ஆகியவற்றைத் திகதியிட்டு ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவந்தேன். இவ்வாறு எழுதியவர்களில் பெரும்பெயர் பெற்றவர் சார்ல்ஸ் டார்வின். 1839 டிசெம்பரில் அவருடைய மூத்த மகன் வில்லியம் பிறந்தான். அன்று தொடங்கி அவன் தும்மியது, சிரித்தது, சினந்தது எல்லாவற்றையும் குறித்துவந்த டார்வின், 37 ஆண்டுகள் கழித்து, 1877இல் அக்குறிப்புகளை ‘மைண்ட்’ என்னும் சஞ்சிகையில் கட்டுரையாக வெளியிட்டார். குழந்தை உளவியலின் தொடக்க ஆவணங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. அதே டார்வினின் இன்னொரு மகள் 1842இல் பிறந்து மூன்று வாரங்களில் இறந்தாள். வசதி படைத்த இங்கிலாந்துக் குடும்பத்திலும் முதலாண்டு நிச்சயமற்றதாகவே இருந்தது.

பருவங்களில் முதலாவது காப்பாக அமைந்தது ஏன் என்பதும் இதனால் விளங்கும். தெய்வங்களை அழைத்துப் பிள்ளையைக் காக்கும்படி வேண்டுவதே அப்பருவம். பிள்ளை ஆடுவதும் நடப்பதும் பின்னர். முதலில் அது பிழைக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் துடக்குக் கழிப்பதும், பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை சொரிவதும் இந்த அச்சத்தைக் கடந்துவந்ததன் கொண்டாட்டங்களே. கொரியர்கள் நூறாம் நாளையும் முதலாம் ஆண்டு நிறைவையும் பெருவிழாவாக எடுப்பதற்கும் இதுவே காரணம்.

ஆனால் இந்த எண்ணிக்கை எந்தப் பிள்ளைக்கு எழுதப்பட்டது? இன்று நமக்குக் கிடைக்கும் பழைய பிள்ளைத்தமிழ், ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழன்மீது பாடியது. பின்னர் 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைமீது பாடினார். அரசனும் தெய்வமும் பிள்ளையானால் மாதம் எண்ணப் புலவர் இருந்தார். குடியானவன் பிள்ளைக்குத் தாயின் தாலாட்டு மட்டுமே இருந்தது.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள எங்கள் கட்டுகஸ்தோட்டையைவிடப் பொருத்தமான இடமில்லை. ஊர்ப்பெயரின் இறுதியில் வரும் ‘தொட்ட’ சிங்களத்தில் ஆற்றுத்துறையைக் குறிக்கும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலை இங்குதான் மகாவலியைக் கடந்து அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை என வடக்கே செல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மக்கள் எதிர்த்திசையில் வந்தார்கள். தென்னிந்தியக் கரையிலிருந்து மன்னாரில் இறங்கி, நூறு மைலுக்கும் மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாகக் கடந்து, மாத்தளையை அடைந்து, அங்கிருந்து கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் பலர் இந்தத் துறையைக் கடந்துதான் போனார்கள். வாந்திபேதியும் காட்டுக்காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. முதலில் பெரும்பாலும் ஆண்களே வந்தனர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். பின்னர் இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவியது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டியிருந்ததால் குடும்பங்கள் வந்தன. மலையில் பிள்ளைகள் பிறந்தார்கள்.

அந்தப் பிள்ளையின் முதலாண்டு எப்படிக் கழிந்தது? தாய் சில வாரங்களில் மலைக்குத் திரும்பினாள். பிள்ளை, பிள்ளைக்காம்பராவில் ஓர் ஆயாவின் பொறுப்பில், சேலைத் தொட்டிலில் கிடந்தது. அது முதன்முதல் புரண்டதையும் கைகொட்டியதையும் பார்த்தவள் பெரும்பாலும் ஆயாவே. தாய் கொழுந்துக் கூடையோடு மலையில் நின்றாள். மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளை போன்றோரின் முயற்சியால் அந்தத் தாய்மாரின் குரல் ஓரளவு நமக்குக் கிடைத்திருக்கிறது. பிள்ளையின் மாதக் கணக்கை எழுதிவைக்க எவரும் இருக்கவில்லை.

அரசு எண்ணத் தொடங்கியது பிறகுதான். பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் தொடங்கி 1897இல் கட்டாயமாயிற்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. மருத்துவமாதர் வீடு தேடிச் சென்றனர். மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை வாட்டிய 1935இல், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. நான்கில் ஒன்றுக்கும் மேல்! 1946இல் இது 141. அடுத்த ஆண்டே 101. இன்று ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. இலவச மருத்துவம், பெண்கல்வி, தடுப்பூசி, மருத்துவமாதரின் கால்நடை ஆகிய எல்லாம் சேர்ந்து செய்த சாதனை இது.

இச்சாதனை தோட்டங்களுக்குப் பிந்தியே வந்து சேர்ந்தது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் இயற்றப்பட்டது. ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாட்டின் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டது. அந்த அநீதி முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர்தான் அங்குள்ள சுகாதாரத்தை அரசு சிறிது சிறிதாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது.

இன்று லயத்தில் பிறக்கும் பிள்ளைக்கும் அதே அட்டை உண்டு. சோழனின் பிள்ளைப்பருவத்துக்கு ஒட்டக்கூத்தர் வகுத்த கணக்கை, தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்குக் குடும்பநல உத்தியோகத்தர் எழுதுகிறார். என் பார்வையில் இது வரலாற்றின் பெரும் புரட்சிகளில் ஒன்று. அதற்குச் சிலை எடுத்தவர் யாருமில்லை.

எனினும் கணக்கு முடியவில்லை. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியவர்கள் நாடளாவிய ரீதியில் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். ஏறக்குறைய மூவரில் ஒருவர். வளர்ச்சி குன்றுவதன் அடித்தளம் தாயின் கருவிலும் பிள்ளையின் முதலிரண்டு ஆண்டுகளிலும் இடப்படுகிறது என்பது மருத்துவம் கண்ட முடிவு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் அடங்குவது அந்த இரண்டாண்டுக்குள்தான்.

புள்ளி இடுவதால் மட்டும் பிள்ளை வளராது. அந்தப் புள்ளி மேலே ஏறுவதற்கு வேண்டிய கூலியும் உணவும் தாய்க்குப் பிள்ளையோடு இருக்கும் நேரமும் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் எண்ணுவதற்கு நாம் கற்றுக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் ஆயின. எண்ணியபின் செய்யவேண்டியதைச் செய்ய இன்னும் எத்தனை காலம்?