நாற்றம் நீக்குதலும் நாற்றம் மறைத்தலும்: வீட்டுத் துப்புரவு பற்றி ஒரு சொல்வரலாற்றுக் குறிப்பு

‘நாற்றம்’ என்ற சொல்லை இன்று ஒருவருடைய வீட்டைப் பற்றிச் சொன்னால் உறவே முறிந்துவிடும். ஐம்புல நுகர்ச்சிகளை எண்ணும் 27ஆம் குறளிலோ அது நல்லது, தீயது என்ற வேறுபாடின்றி எல்லா மணத்துக்கும் பொதுப்பெயர். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் கண்ணனின் வாய்மணத்தைப் பற்றிச் சங்கிடம் வினவும்போது ‘நாறுதல்’ நறுமணத்தையே குறிக்கிறது. பிற்காலத்தில் இச்சொல் இழிபொருளுக்கு இறங்கியது. மலையாளத்தில் ‘நாற்றம்’, கன்னடத்தில் ‘நாத’ இரண்டும் இன்று துர்நாற்றமே. ஆங்கிலத்தின் ‘ஸ்டிங்க்’ என்ற வினையும் பழைய ஆங்கிலத்தில் பொதுப்பொருளில் வழங்கிப் பின்னர் இதே வழியில் சென்றது.

தமிழில் அந்த இடத்தை நிரப்ப வடமொழி ‘வாசனை’ வந்தது. அதே சொல் தெலுங்கில் ஏற்கெனவே சரியத் தொடங்கிவிட்டது. ‘வாசன வஸ்தோந்தி’ என்று தெலுங்கர் ஒருவர் முகஞ்சுளித்துச் சொன்னால், எங்கோ ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள். சென்னையிலிருந்து மாரெட்பள்ளிக்குப் புதிதாகக் குடிவரும் தமிழர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு! கெட்ட மணத்தைக் குறிக்க நாம் தேடும் நாகரிகமான சொல்லும் சில தலைமுறைகளில் கெட்டுவிடுகிறது. பொருள் அப்படியே இருக்க, பெயரை மட்டும் மாற்றுவதால் நேரும் விளைவு இது. துப்புரவின் வரலாற்றிலும் இதற்கு இணையான ஒரு நிகழ்வைக் காண்கிறேன்.

பழைய வீட்டுமுறையில் அழுக்கு நீக்கலும் மணமூட்டலும் வெவ்வேறு வேலைகள். புறநானூற்றின் 311ஆம் பாடலில் புலைத்தி களர்நிலத்தில் கிணறு தோண்டி, அந்த நீரில் ஆடையை வெளுக்கிறாள். ஏன் களர்நிலம்? களர்மண்ணில் சோடியம் கார்பனேட் போன்ற காரஉப்புகள் உண்டு. அவை எண்ணெய்ப் பிசுக்கோடு வினைபுரிந்து அதை நீரில் கரையச் செய்யும். பாத்திரம் துலக்கிய அடுப்புச் சாம்பலில் இருந்தது பொட்டாசியம் கார்பனேட். தமிழில் பூந்திக்கொட்டை என்றும் தெலுங்கில் குங்குடுகாய என்றும் வழங்கும் காயில் நுரைக்கும் சப்போனின் இருக்கிறது. அம்மரத்தின் தாவரவியற் பேரினப் பெயரான ‘சாபிண்டஸ்’ என்பதற்கே ‘இந்தியச் சோப்பு’ என்று பொருள்.

மீன் கழுவிய பாத்திரத்துக்குப் புளி போடுவதும் இவ்வகையே. மீன் கவிச்சிக்கு முதன்மைக் காரணம் டிரைமெத்தில் அமீன் என்னும் காரத்தன்மையுள்ள சேர்மம். புளியின் டார்டாரிக் அமிலம் அதை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகிறது. ஆவியாகாதது மூக்கை எட்டாது. ஆகவே முதலில் புளி, அதைக் கழுவிய பிறகு சாம்பல் அல்லது சோப்பு. (இரண்டையும் ஒன்றாகக் கலக்கச் சொல்லும் இன்றைய காணொளிக் குறிப்புகள் வேதியியலை மறந்தவை. வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்தால் பொங்குவது கார்பன் டை ஆக்சைடு; ஒன்றையொன்று சமன்செய்துகொண்ட பின் எஞ்சுவது பெரும்பாலும் உப்புநீர். பிளீச்சிங் பவுடரோடு அமிலத்தைக் கலப்பதோ உயிருக்கே ஆபத்து: நச்சுக் குளோரின் வாயு வெளிவரும்.) இவ்வளவும் முடிந்த பிறகே சாம்பிராணி. அழுக்கை நீக்குவது அதன் வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை.

இவ்விரண்டு வேலைகளையும் ஒன்றாக்கியது 19ஆம் நூற்றாண்டு. கெட்ட காற்றே நோய் என்ற கொள்கை ஐரோப்பிய மருத்துவத்தில் ஓங்கியிருந்த காலம் அது. கார்லைல் நகரின் சாக்கடைக் கழிவில் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் பயன்படுவதை அறிந்தே ஜோசப் லிஸ்டர் அதை அறுவை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். 1867இல் தம் முடிவுகளை வெளியிட்டார். 1877இல் ஜான் ஜெயஸ் நிலக்கரித் தாரிலிருந்து செய்த கிருமிநாசினிக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீடுகளின் கறுப்புப் பினாயில் இந்த வழிவந்தது. நீரில் ஊற்றியதும் அது பால்போல் வெளுப்பது, தார் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறுவதால்தான். ‘பினாயில்’ என்ற பெயரின் மூலமும் சுவையானது. விளக்கெரிக்கும் வாயுவைத் தயாரிக்கையில் கிடைத்த பென்சீனுக்கு ‘ஒளிர்தல்’ என்ற பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து ‘ஃபேன்’ என்று பெயரிட முன்மொழிந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் லோரான் (1836). தெருவிளக்கின் சொல் நம் குளியலறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நோய்க்குக் காரணம் கிருமி என்று பின்னர் உறுதியாயிற்று. மருத்துவம் கைவிட்ட பழைய கொள்கையை வீடு மட்டும் விடவில்லை என்பதே என் கணிப்பு. பினாயில் நெடியோ எலுமிச்சை மணமோ இருந்தால் ‘சுத்தம்’; மணம் இல்லையென்றால் கழுவிய தரையையும் நம்புவதில்லை. சுத்தத்துக்கே ஒரு மணம் வந்துவிட்டது. அதைப் பூசிவிட்டால், கழுவியவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை.

புறநானூற்றுப் புலைத்திக்கே திரும்புகிறேன். ‘புலை’ என்பதற்கு இழிவு, தீட்டு, ஊன் என்றெல்லாம் அகராதிகள் பொருள் தருகின்றன. சங்ககாலத்தில் அச்சொல் எந்த அளவுக்குத் தீட்டைச் சுட்டியது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிற்காலத்தில் அது ஒட்டிக்கொண்டதில் ஐயமில்லை. ஆடையைத் தூயதாக்கியவளுக்குத் தூய்மையின் பெயர் கிடைக்கவில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதற்கு எதிராக 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டிகளில் ஆளை இறக்குவதையும் தடைசெய்கிறது. இருந்தும் மரணங்கள் நிற்கவில்லை. அத்தொட்டிகளில் திரளும் ஹைட்ரஜன் சல்பைடு, குறைந்த அளவில் அழுகிய முட்டையாக நாறும்; அளவு மிகுந்தால் மோப்ப நரம்பைச் செயலிழக்கச் செய்துவிடும். உள்ளே இறங்கியவருக்கு அதன்பின் எந்த நாற்றமும் தெரியாது.