பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ணலும் சூதாட்ட விடுதிகளின் எதிர் நடவடிக்கைகளும்

சீட்டு எண்ணல் என்பது, பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டத்தில் ஏற்கெனவே வெளிவந்த சீட்டுகளை மனத்தில் கணக்கிட்டு, எஞ்சியுள்ள சீட்டுகள் ஆட்டக்காரருக்குச் சாதகமானவையா, விடுதிக்குச் சாதகமானவையா என அறியும் முறையாகும். கருவி எதுவும் இன்றி மனத்தால் மட்டும் எண்ணுவது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குற்றமன்று. எனினும், இதில் தேர்ந்தவர்களால் தமக்கு இழப்பு ஏற்படும் என்பதால் சூதாட்ட விடுதிகள் பல்வேறு எதிர் நடவடிக்கைகளை மேற்கொள்கின்றன.

எண்ணுவதால் பயன் ஏன்?

பிளாக்ஜாக்கில் ஆட்டக்காரரும் விடுதியின் சார்பில் சீட்டு வழங்குபவரும் 21 என்னும் கூட்டுத்தொகையைத் தாண்டாமல் அதனை நெருங்க முயல்வர். ராஜா, ராணி, ஜாக்கி ஆகியவற்றின் மதிப்பு 10 ஆகும். ஏஸ் 1 அல்லது 11 எனக் கொள்ளப்படும். முதல் இரு சீட்டுகள் ஏஸும் 10 மதிப்புள்ள சீட்டுமாக அமைந்தால் அது பிளாக்ஜாக் எனப்படும்.

சுழல் சக்கர ஆட்டமான ரூலெட்டில் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றோடு தொடர்பற்றது. பிளாக்ஜாக்கிலோ வழங்கப்பட்ட சீட்டுகள் மீண்டும் கலைக்கப்படும் வரை ஆட்டத்திற்குத் திரும்புவதில்லை. ஆகவே நிகழ்தகவு ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும். எஞ்சிய சீட்டுகளில் ஏஸும் 10 மதிப்புள்ளவையும் மிகுந்திருந்தால் இரு தரப்பினருக்கும் பிளாக்ஜாக் அடிக்கடி கிடைக்கும். ஆனால், அதற்கு ஆட்டக்காரர் பெறுவது பந்தயத்தைப் போல் ஒன்றரை மடங்கு. விடுதி பெறுவதோ ஒரு மடங்கே. மேலும், 16 அல்லது அதற்குக் குறைவாக வைத்துள்ள வழங்குபவர் கட்டாயம் மேலும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும் என்பதால், அவர் 21-ஐத் தாண்டித் தோற்கும் வாய்ப்பும் உயர்கிறது.

எண்ணும் முறை

கணிதவியலாளர் எட்வர்ட் தோர்ப், ஐபிஎம் 704 கணினியின் துணையுடன் இவ்வாட்டத்தை ஆராய்ந்து, 1962 இல் வெளியிட்ட பீட் த டீலர் என்னும் நூலின் வாயிலாக இக்கருத்தைப் பரவலாக்கினார். இன்று பெரிதும் பயன்படுவது ஹை-லோ முறையாகும். இதன்படி:

• 2 முதல் 6 வரையிலான சீட்டு வெளிவந்தால் 1 கூட்ட வேண்டும்.
• 7, 8, 9 வெளிவந்தால் மாற்றமில்லை.
• 10 மதிப்புள்ள சீட்டோ ஏஸோ வெளிவந்தால் 1 கழிக்க வேண்டும்.

கிடைக்கும் எண்ணை எஞ்சியுள்ள கட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, எண்ணிக்கை +6 ஆகவும் எஞ்சிய கட்டுகள் 3 ஆகவும் இருந்தால் உண்மை எண்ணிக்கை +2 ஆகும். எண்ணிக்கை உயரும்போது பந்தயத்தைக் கூட்டுவதும், தாழும்போது குறைப்பதுமே இம்முறையின் சாரம். நல்ல விதிகள் உள்ள மேசையில், எண்ணாமல் பிழையின்றி ஆடுபவரைவிட விடுதிக்கு இருக்கும் சாதகம் ஏறத்தாழ 0.5 விழுக்காடு மட்டுமே. எனவே, தேர்ந்த எண்ணுநரால் அதனைத் தம் பக்கம் திருப்பிவிட இயலும்.

விதிகளின் வழி எதிர் நடவடிக்கைகள்

1964 இல் லாஸ் வேகாஸ் விடுதிகள், ஏஸ் இணையைப் பிரித்து ஆடுவதற்கும் பந்தயத்தை இரட்டிப்பாக்குவதற்கும் கட்டுப்பாடுகள் விதித்தன. வாடிக்கையாளர்கள் மேசைகளை விட்டு விலகியதால் சில வாரங்களிலேயே பழைய விதிகள் திரும்பின. அதன் பின்னர் கண்ணுக்கு எளிதில் புலப்படாத வழிகள் வளர்ந்தன. அவற்றுள் சில:

• ஒரு கட்டுக்குப் பதிலாக 6 அல்லது 8 கட்டுகளைப் பயன்படுத்துதல்.
• சீட்டுகள் தீர்வதற்கு வெகுமுன்னரே மீண்டும் கலைத்தல்.
• ஆடிய சீட்டுகளை உடனுக்குடன் மீண்டும் கலக்கும் தொடர் கலைப்பு இயந்திரத்தை வைத்தல்.
• கலைத்து முடித்த தொடக்கத்தில் அன்றி, இடையில் புதியவர் ஆட்டத்தில் சேர்வதைத் தடுத்தல். ஒருவர் எண்ணிச் சைகை காட்ட, மற்றொருவர் வந்து பெரும் பந்தயம் கட்டும் குழு ஆட்டத்தை இது முறியடிக்கும்.
• பிளாக்ஜாக்கிற்கு 3:2 என்பதற்குப் பதிலாக 6:5 வழங்குதல். 10 டாலர் பந்தயத்திற்கு 15 டாலருக்கு மாறாக 12 டாலரே கிடைக்கும். இதனால் விடுதியின் சாதகம் ஏறத்தாழ 1.4 விழுக்காடு உயர்கிறது.

கண்காணிப்பு

பந்தயம் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்பதே முதன்மையான அடையாளம். மேசை மேற்பார்வையாளரோ, நிழற்படக் கருவி வழியே பார்ப்பவரோ தாமும் எண்ணி இதனைச் சரிபார்ப்பர். ஐயம் உறுதியானால் ஒரே அளவு பந்தயமே கட்டுமாறோ, பிளாக்ஜாக் தவிர்த்து வேறு ஆட்டங்கள் ஆடுமாறோ, விடுதியை விட்டு வெளியேறுமாறோ கூறப்படும்.

1967 இல் தொடங்கப்பட்ட கிரிஃபின் துப்பறியும் நிறுவனம், ஏமாற்றுக்காரர்களோடு எண்ணுநர்களின் படங்களையும் தொகுத்து விடுதிகளுக்கு வழங்கி வந்தது. திறமையால் வென்றவரும் மோசடி செய்தவரும் ஒரே ஏட்டில் இடம்பெற்றது கண்டனத்திற்கு உள்ளானது. ஆட்டக்காரர் இருவர் தொடுத்த அவதூறு வழக்கில் தோல்வியுற்ற இந்நிறுவனம் 2005 இல் திவால் பாதுகாப்புக் கோரியது.

சட்ட நிலை

நெவாடா மாநிலத்தில் 1985 முதல், எண்ணுவதற்குக் கருவிகளைப் பயன்படுத்துவது குற்றமாகும். மனத்தால் எண்ணுவது குற்றமன்று. ஆயினும் அங்கு விடுதிகள் எண்ணுநரை ஆடவிடாமல் தடுக்கலாம். வெளியேறுமாறு எச்சரிக்கப்பட்டவர் மீண்டும் நுழைந்தால் அது அத்துமீறி நுழைதல் என்னும் குற்றமாகும். அதாவது, தண்டனை எண்ணியதற்கு அன்று, நுழைந்ததற்கே.

நியூ ஜெர்சி மாநிலத்தில் நிலை வேறு. அத்திலாந்திக் நகர விடுதி ஒன்றால் 1979 இல் தடுக்கப்பட்ட கென் உஸ்டன் என்ற புகழ்பெற்ற எண்ணுநர் வழக்குத் தொடுத்தார். ஆட்ட விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையத்திற்கே உரியது என்றும், அதன் விதி ஏதும் இல்லாத நிலையில் எண்ணுகிறார் என்ற காரணத்திற்காக ஒருவரை விடுதி விலக்க முடியாது என்றும் 1982 இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இடத்தில் ஒருவரைக் காரணமின்றி விலக்கலாகாது என்பதும் அதில் வலியுறுத்தப்பட்டது. ஆட்களை விலக்க இயலாத இவ்விடுதிகள் கட்டுகளைக் கூட்டுதல், விரும்பியபோது கலைத்தல், பந்தயத்தை வரையறுத்தல் ஆகியவற்றைச் சார்ந்துள்ளன.

நடவடிக்கைகளின் விலை

ஒவ்வொரு தடுப்புக்கும் விடுதியும் விலை கொடுக்கிறது. அடிக்கடி கலைத்தால் ஒரு மணி நேரத்தில் ஆடப்படும் சுற்றுகள் குறையும். விதிகள் கடுமையானால் வழக்கமான வாடிக்கையாளரும் விலகுவர். ஆட்டத்தை வெல்ல முடியும் என்ற நம்பிக்கையே பலரை மேசைக்கு ஈர்க்கிறது. அவ்வாறு வருபவர்களில் பெரும்பாலோர் பிழையின்றி எண்ண இயலாமல் தோற்பதால், தோர்ப்பின் நூலுக்குப் பின் பிளாக்ஜாக்கின் புகழும் விடுதிகளின் வருவாயும் வளர்ந்தன என்பது குறிப்பிடத்தக்கது. நடைமுறையில் 6:5 விதியின் சுமை, எண்ணத் தெரிந்த சிலரைவிட எண்ணத் தெரியாத பலர் மீதே விழுகிறது.

இவற்றையும் பார்க்க

• நிகழ்தகவு
• பிளாக்ஜாக்
• எட்வர்ட் தோர்ப்