கெடா தோட்டங்களில் சுண்டைக்காய்

சுண்டை கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த முட்செடி. ஆள் உயரத்துக்கு மேல் புதராக வளரும். இதன் காய்கள் கொத்துக் கொத்தாகப் பச்சை நிறத்தில் காய்க்கும். மத்திய அமெரிக்காவும் கரீபியன் தீவுகளும் இதன் தாயகம். ஸ்வீடன் தாவரவியலாளர் ஒலோஃப் ஸ்வார்ட்ஸ் 1788இல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். வெப்ப நாடுகளெங்கும் பரவிய இச்செடி, தமிழர் சமையலிலும் சித்த மருத்துவத்திலும் நிலைத்த இடம் பெற்றது.

அத்தமிழர் பலரைக் கெடாவுக்குக் கொண்டுவந்தவை ரப்பர்த் தோட்டங்களே. 1909 ஆங்கிலோ-சயாம் உடன்படிக்கையின்படி, இன்று மலேசிய மாநிலமான கெடா சயாமின் (இன்றைய தாய்லாந்து) மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரின் செல்வாக்குக்குள் வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பால்மரம் சீவத் தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தனர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இம்முறை நீடித்தது.

அப்படி வந்த தொழிலாளர்கள் அறிந்த சுண்டை கெடாவுக்கும் புதிதல்ல. மலாய்க்காரர் அதைத் 'தெரோங் பிப்பிட்' என்று அழைத்து, சோற்றுடன் பச்சையாக உண்ணும் 'ஊலாம்' வகையில் சேர்ப்பர். எல்லைக்கு அப்பால் தாய்லாந்தில் அது பச்சைக் குழம்பில் சேரும். பறவைகள் விதையைப் பரப்புவதால், காடழித்த நிலத்திலும் வழியோரத்திலும் விதைக்காமலே முளைக்கும். தமிழர் சமையலில் பச்சைக்காய் கருவாட்டுக் குழம்பில் சேரும். மிஞ்சியதை நசுக்கி, உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தினால் வற்றலாகும். கெடாவில் மழை குறையும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இதற்கு ஏற்றவை. வயிற்றுப்போக்குக்குச் சித்த மருத்துவம் தரும் சுண்டைவற்றல் சூரணத்தில் இதனுடன் ஓமம், மாங்காய்ப் பருப்பு, மாதுளை ஓடு, கறிவேப்பிலை, நெல்லிவற்றல், வெந்தயம் ஆகியவை சேரும்.

சுண்டைக்காயில் பீனால் சேர்மங்களும் ஃபிளேவனாய்டுகளும் உள்ளன. உயிரணுக்களைத் தாக்கும் தனி உறுப்புகளை இவை தணிப்பதால் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் எனப்படுகின்றன. சென்னை லயோலா கல்லூரி ஆய்வாளர்கள் காயிலிருந்து மெத்தில் கஃபியேட் என்ற சேர்மத்தைப் பிரித்து, நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தனர். அவற்றின் இரத்தச் சர்க்கரை குறைந்ததாக 2011இல் வெளியிட்டனர். எலிகளில் கண்ட பலனை மனிதருக்கான மருந்தாகக் கொள்ள இயலாது. காயில் ஆல்கலாய்டுகளும் உண்டு. ஜமைக்காவில் 'சுசும்பர்' எனப்படும் இதே காயை உண்டு நச்சுப் பாதிப்புக்கு ஆளானோர் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளனர். எனவே அளவாகச் சமைத்து உண்பதே முறை.

தோட்ட வாழ்க்கை மாறியபோது சுண்டையின் நிலையும் மாறியது. 1950களில் பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்கும் துண்டாடல் தொடங்கியபோது தொழிலாளர்கள் வீடிழந்தனர். அதை எதிர்கொள்ள மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். பின்னர் ரப்பர் நிலங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற, தோட்டத் தமிழர் பலர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். கேட்பாரின்றி முளைத்த சுண்டை அவர்களுக்குச் சந்தையில் காசு கொடுத்து வாங்கும் காயாயிற்று. வீட்டருகே சிறிது நிலம் உள்ளவர்கள் ஒரு செடி வைத்தாலே குடும்பத்தின் தேவைக்குப் போதும்.